ரோலரில் ஏறாத கார்

காலை பத்து மணிக்கே மளிகைக் கடை வாசலில் ஒரு சிறு கூட்டம். சாமான் வாங்க யாரும் நிற்கவில்லை, வேடிக்கை பார்க்க நின்றார்கள். எடை அளவு ஆய்வாளர் தம் பெட்டியைத் திறந்து, பித்தளை எடைக்கற்களை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துத் தராசுத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். கல்லை விரலால் தொடமாட்டார். விரல் வியர்வைக்கும் எடை உண்டு என்பார்.

"சார், போன வருஷம் பார்த்த அதே தராசுதான். முத்திரைய மட்டும் குத்திட்டுக் கிளம்புங்க. காபி சொல்லட்டுமா?" என்றார் கடைக்காரர்.

"வேண்டாம்."

"டீ?"

"இந்தாங்க, நிறுத்துப் பார்க்காம குத்தினா அதுக்குப் பேரு முத்திரை இல்ல. அழுக்கு."

எல்லாக் கல்லையும் வைத்து நிறுத்துப் பார்த்த பிறகுதான் ஆய்வாளர் முத்திரை குத்தினார். அவர் தெருமுனை திரும்பும் வரை கடைக்காரர் காத்திருந்து, "போறாரு பாரு அரைகிராம்" என்றார் பக்கத்தில் நின்றவரிடம்.

பெயர் வந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒருமுறை வெங்காயக் கடைத் தராசு ஒன்றில் அரை கிராம் வித்தியாசம் கண்டு, தராசை அப்படியே அலுவலகத்துக்குத் தூக்கிப் போய்விட்டார். வெங்காயத் தோலே அதைவிட எடை அதிகம் என்று கடைக்காரர் அழுதது எடுபடவில்லை. தம் முதுகுக்குப் பின்னால் ஊர் என்ன சொல்கிறது என்பது அரைகிராமுக்குத் தெரியும். தெரியாததுபோல் இருப்பார். உள்ளுக்குள் அதை ஒரு பட்டமாகவே வைத்திருந்தார்.

இருபத்தாறு வருட வேலையில் அவர் யாரிடமும் ஒரு பொட்டலம் வாங்கியதில்லை. அதற்கு அலுவலகம் கொடுத்த நேர்மைச் சான்றிதழ் கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. வாங்குவது பற்றி அவர் கொள்கை அவ்வளவு உறுதி. கொடுப்பது பற்றி அவருக்குக் கொள்கை எதுவும் இருக்கவில்லை. அதுவரை அதற்குத் தேவை வரவில்லை.

வீட்டில் இரண்டே பேர். அவரும் அவருடைய அக்காவும். கல்யாணம் இருவருக்கும் ஆகாமலே வயது தாண்டிப் போயிருந்தது. அக்கா தையல்காரி. பள்ளிக்கூடச் சீருடை தைத்தே தம்பியைப் படிக்க வைத்தவர். இடதுகைப் பழக்கம். கத்தரிக்கோலை இடது கையில் பிடித்து அவர் துணி வெட்டுவதைப் பார்த்தால் தலைகீழாக எழுதுவதைப் பார்ப்பதுபோல் இருக்கும். ஆனால் வெட்டு நூல் பிசகாது.

வீட்டின் முன்னறைதான் அக்காவின் தையல் அறையாக இருந்தது. பதினோரு வருடத்துக்கு முன் ஒருநாள் அரைகிராம் ஒரு விபத்து வண்டியின் இன்ஜினையும் அச்சுகளையும் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். சொந்தமாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கட்டப்போவதாக அறிவித்தார். முன்னறையின் வாசல் சுவரை இடித்தார்கள். தையல் மெஷின் சமையலறைக்குப் போகும் நடைக்கு மாறியது. அன்று முதல் குழம்பு கொதித்தால் மெஷினை நிறுத்த வேண்டும், மெஷின் ஓடினால் குழம்பைக் கிளற ஆள் போக முடியாது.

"டேய், எப்படா முடியும் உன் வண்டி?"

"முடிஞ்சிடும்க்கா."

"இதையேதான் போன வருஷமும் சொன்ன. அப்போ எனக்குப் பாதி நரை. இப்போ முழுசாகிடுச்சு."

அரைகிராம் அவசரப்படவில்லை. இரும்புக் குழாய்களை அளந்து அறுத்து, பற்றவைத்து, சட்டம் கட்டினார். கண்ணாடி இழை உடலை நாலு தடவை வார்த்தார். இடது பக்க வளைவும் வலது பக்க வளைவும் ஒரு மயிரிழை மாறியதற்காக மூன்று தடவை உடைத்துப் போட்டார். ஒவ்வொரு போல்ட்டுக்கும் எவ்வளவு முறுக்கு என்று நோட்டில் எழுதிவைத்தார். இருக்கைகளை அக்கா தைத்தார். சிவப்பு ரெக்சின், இரட்டைத் தையல். ஏழு ஊசி உடைந்தது. "சீருடைக்குப் பசங்கதான் அழுவாங்க. இதுக்கு மெஷினே அழுவுது" என்றார்.

எல்லாவற்றையும் அளந்தவர் ஒன்றை மட்டும் அளக்கவில்லை. முன் சக்கரங்கள் மேல் எவ்வளவு பாரம், பின் சக்கரங்கள் மேல் எவ்வளவு பாரம் என்று நிறுத்துப் பார்க்கவில்லை. ஊரில் வண்டி எடை போடும் மேடை ஒன்றுதான். அதன் முதலாளிக்கு இவர் இரண்டு முறை அபராதம் போட்டிருந்தார். அங்கே போய் நின்றால் அந்த ஆள் பல்லைக் காட்டுவான். "வாங்க சார், நம்ம மேடை சரியாத்தான் காட்டுதா?" என்று கேட்டாலும் கேட்பான். ஊரில் உள்ள தராசையெல்லாம் சோதித்தவருடைய கார் இப்படி எடை தெரியாமலே வளர்ந்தது.

இதில் ஒரு விஷயம் இருந்தது. பிரேக்குகள் அந்தப் பழைய வண்டியிலிருந்து வந்தவை. அது பின்னால் மூன்று பேரும் மூட்டை முடிச்சும் ஏறுகிற குடும்ப வண்டி. பின்பக்கம் கனம். பின் பிரேக்கும் அதற்கேற்ற பிடி. இந்தக் காரிலோ பின்னால் ஒன்றுமே இல்லை, வெறும் அழகுதான் இருந்தது. லேசான பின்பக்கத்தில் அவ்வளவு பிடி இருந்தால், வேகத்தில் அழுத்தும்போது பின் சக்கரங்கள் முதலில் இறுகி நின்றுவிடும், வண்டி பம்பரமாகிவிடும். சந்துக்குள் மெதுவாக ஓட்டிப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. சோதனை நிலையத்தில் சக்கரங்களைச் சுழலும் ரோலரில் ஏற்றி பிரேக்கை அழுத்தினால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கார் முடிந்த செய்தி 'சுயமாய் வாகனம் செய்வோர் சங்க'த்துக்கு எட்டியது. சங்கத்துக்கு வயது ஒன்பது, உறுப்பினர் இருபத்துமூன்று, சுயமாய் வாகனம் செய்தவர் அதுவரை யாருமில்லை. சங்கத் தலைவர் டயர் பஞ்சரானால்கூட காரைவிட்டு இறங்காமல் டிரைவரை ஏவுகிறவர். "இது நம்ம சங்கத்தோட சாதனை சார்!" என்று அரைகிராமின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்ட விழா என்று அவரே தேதி குறித்தார். அழைப்பிதழ் அடித்தாயிற்று. தலைவரின் படம் கால் பக்கம், காரின் படம் அரைக்கால் பக்கம். காரைக் கட்டியவர் பெயர் அச்சகத்தின் பெயருக்கு மேலே இருந்தது.

சாலையில் ஓட்டத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். வியாழக்கிழமை காலை அரைகிராம் காரைச் சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோனார். விளக்கு, ஹாரன், புகை எல்லாம் பார்த்தார்கள். கடைசியாக ரோலர் மேடை. சரிவில் ஏறும்போதே காரின் வயிறு தரையில் உரசியது. சோதனை அதிகாரி கை காட்டி நிறுத்தினார்.

"ரொம்பத் தாழ்வா இருக்கு சார். ஏறாது. இந்த மாதிரி வண்டிக்குப் பலகை போட்டுத்தான் ஏத்தணும்."

"போடுங்க."

"பலகை இங்க இல்ல, வரவழைக்கணும். மூணு வாரம் கழிச்சு ஒரு தேதி தர்றேன்."

"ஞாயித்துக்கிழமை விழா சார். அழைப்பிதழ் கொடுத்தாச்சு."

"அழைப்பிதழுக்கு நான் என்ன சார் பண்ண முடியும்?"

அரைகிராம் வெளியே வந்து மரத்தடியில் நின்றார். மரத்தடிக்கென்றே ஒரு ஆள் இருந்தார். எல்லோரும் அவரை ஏஜென்ட் என்பார்கள். எதற்கு ஏஜென்ட் என்று யாரும் கேட்டதில்லை.

"என்ன சார், மூஞ்சி வாடிப்போச்சு?"

அரைகிராம் விஷயத்தைச் சொன்னார். ஏஜென்ட் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்களுக்கு டெஸ்ட் வேணுமா சார், சர்டிபிகேட் வேணுமா?"

மளிகைக் கடையில் இந்தக் கேள்வி வந்திருந்தால் அரைகிராம் என்ன சொல்லியிருப்பார் என்று நமக்குத் தெரியும். மரத்தடியில் அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். நாம் யாருக்கும் கெடுதல் செய்யவில்லையே என்று நினைத்துக்கொண்டார். வாங்குகிறவன்தானே குற்றவாளி, அகப்பட்டுக்கொண்டு கொடுக்கிறவன் பாவம்தானே என்றும் நினைத்துக்கொண்டார். அரைமணி நேரத்தில் ஒரு கவர் உள்ளே போனது, ஒரு காகிதம் வெளியே வந்தது.

காகிதத்தைப் பார்த்தவர் அசந்துபோனார். நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியாக பிரேக் அளவு போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் தசமப் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம். வலதுக்கும் இடதுக்கும் இயற்கையாகவே ஒரு சின்ன வித்தியாசம். முன்னுக்கும் பின்னுக்கும் அருமையான விகிதம். ஏறாத ரோலரில் எடுக்காத அளவு என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் வாழ்நாள் முழுக்க எண்ணை நம்பிப் பழகியவர். வீடு வந்து சேர்வதற்குள் அந்தத் தசமங்களைப் பாதி நம்பத் தொடங்கியிருந்தார். சனிக்கிழமைக்குள் முழுதாக நம்பிவிட்டார்.

"பிரேக்கெல்லாம் நல்லாப் பார்த்தாங்களாடா?" என்று அக்கா கேட்டார்.

அவர் காகிதத்தை நீட்டினார். அக்கா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கி, எழுத்துக்கூட்டாத குறையாக ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"அடேயப்பா, ஒவ்வொரு சக்கரத்துக்குமா! உன்ன மாதிரியே ஒருத்தன் அங்கயும் இருக்கான் போல."

"ம்."

"இதையும் சட்டம் போட்டு மாட்டுடா, உன் சான்றிதழுக்குப் பக்கத்துல."

அவர் குளிக்கப் போவதாகச் சொல்லி எழுந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பந்தல். தலைவர் நாற்பது நிமிடம் பேசினார். முதல் முப்பது நிமிடம் சங்கம் வளர்ந்த வரலாறு, அதாவது அவர் வளர்ந்த வரலாறு. காரைத் தொட்டுக்கொண்டு படம் எடுக்கக் கூட்டம் முண்டியது. பெயின்டின் பளபளப்பை ஆளாளுக்குத் தடவிப் பார்த்தார்கள். ஒருவர்கூடக் குனிந்து சக்கரத்தைப் பார்க்கவில்லை. அரைகிராமுக்குச் சால்வை போட்டு, தூக்க முடியாத கேடயம் ஒன்றைக் கொடுத்தார்கள். பிறகு தலைவர் பச்சைக் கொடியைக் கையில் எடுத்து, "முதல் பயணத்துல கூட உட்காரப் போறது யாரு?" என்று மைக்கில் கேட்டார். தம்மையே கூப்பிடுவார் என்ற எதிர்பார்ப்பு அந்தக் குரலில் இருந்தது.

"எங்க அக்கா" என்றார் அரைகிராம். அன்று அவர் சொன்ன ஒரே உண்மையான வார்த்தை அதுதான்.

அக்கா புதுச் சேலை கட்டி வந்திருந்தார். இருக்கையில் உட்கார்ந்ததும் முதல் வேலையாகத் தாம் போட்ட தையலை விரலால் நீவிப் பார்த்தார். "கைய வச்சுக்க இடமே இல்லையேடா" என்று இடது கையைக் கதவின் மேல் வைத்துக்கொண்டார். கொடி அசைந்தது. கார் உறுமிக்கொண்டு சாலைக்கு வந்தது. பின்னால் சங்கத்தின் ஆறு வண்டிகள் ஊர்வலமாக வந்தன.

வெளிவட்டச் சாலை காலியாக இருந்தது. காற்று முகத்தில் அடித்தது. அக்கா பல் தெரியச் சிரித்தார். அக்கா அப்படிச் சிரித்து எத்தனை வருடமாயிற்று என்று அரைகிராம் யோசித்தார். நடையில் மெஷின் போட்ட பிறகு பார்த்ததாக நினைவில்லை.

"பயமா இருக்காக்கா?"

"பயமா? பிரேக்குதான் பார்த்தாச்சே! இன்னும் கொஞ்சம் வேகமாப் போயேன்டா."

அவர் கால் ஒரு நொடி தயங்கியது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் பின்னால் ஆறு வண்டி வருகிறது. கழுத்தில் இன்னும் சால்வை இருக்கிறது. அக்கா வேறு சிரித்துக்கொண்டிருக்கிறார். அவர் வேகத்தைக் கூட்டினார்.

பக்கத்துச் சாலையிலிருந்து ஒரு ரொட்டி வேன் மூக்கை நீட்டியது. நல்ல தூரத்தில்தான். சாதாரண வண்டி என்றால் ஓட்டுபவர் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு நிறுத்தியிருப்பார். அரைகிராம் பிரேக்கை அழுத்தினார். பின் சக்கரங்கள் உடனே இறுகின. காரின் பின்பக்கம் முன்னே வந்தது. சாலையும் வானமும் சுற்றின. அக்கா பக்கத்துக் கதவு இரும்புத் தடுப்பில் மோதி நின்றது. கார் வந்த திசையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

ஊர்வல வண்டிகளில் இரண்டு உதவிக்கு நின்றன. தலைவரின் வண்டி திரும்பிவிட்டது. மறுநாள் சங்கத்தின் அறிக்கை வந்தது. விழா மேடை வரைதான் சங்கத்தின் பொறுப்பு, சாலை சங்கத்தின் எல்லைக்கு உட்பட்டதல்ல என்று அதில் கண்டிருந்தது.

அரைகிராமுக்கு நெற்றியில் நாலு தையல். அக்காவுக்கு மூன்று அறுவை சிகிச்சை. வலது தோள் எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருந்தார்கள். அது கூடிவிடும் என்றார் டாக்டரம்மா. இடது கையைப் பற்றிச் சொல்ல அரைகிராமை வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் போனார்.

"கைய எடுக்காமக் காப்பாத்திட்டோம். ஆனா நரம்பு நசுங்கிப் போச்சு. விரல் இருக்கும். எதையும் பிடிக்காது."

"கத்தரிக்கோல்..." என்றார் அரைகிராம்.

"அவங்க என்ன வேலை பார்க்கிறாங்க?"

"தையல்" என்றார்.

ஒன்பதாம் நாள் காவல் நிலையத்திலிருந்து எழுத்தர் வந்தார். நல்ல மனிதர். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து கோப்பை விரித்தார்.

"கவலைப்படாதீங்க சார். உங்க மேல ஒரு தப்பும் வராது. இதோ சர்டிபிகேட் இருக்கே. நாலு சக்கரமும் சுத்தமாத் தேறியிருக்கு. ரோட்டுல மண்ணு கிடந்து சறுக்கிடுச்சுன்னு எழுதிக்கிறேன். இல்லன்னா அந்த வேன்காரன் மேல போட்டுடலாம். ஒரு கையெழுத்து போட்டா முடிஞ்சுது."

காகிதம் அவருக்காகச் சாட்சி சொல்லத் தயாராக இருந்தது. வேன்காரர் பெயரும் எழுத்தரின் கோப்பில் இருந்தது. விபத்தன்று அக்காவைத் தூக்கி வேனில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுவந்தவர் அந்த வேன்காரர்தான்.

"ஒரு அஞ்சு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு அரைகிராம் வார்டுக்குள் போனார்.

அக்கா விழித்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து அவர் எல்லாவற்றையும் சொன்னார். பலகை இல்லாதது, மரத்தடி, ஏஜென்ட், கவர், தசமம். எடை மேடைக்குப் போகாததையும் சொன்னார். சொல்லும்போது தலை நிமிரவில்லை. அக்கா முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"அந்த ரோலர்ல ஏத்தியிருந்தா தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்கும்க்கா."

"எவ்ளோ நேரம் ஆகும்?"

"பத்து நிமிஷம்."

"பலகை வர?"

"மூணு வாரம்."

அக்கா கூரையைப் பார்த்தார். கண்ணோரத்தில் வழிந்ததைத் துடைக்க இரண்டு கையில் ஒன்றையும் அவரால் தூக்க முடியவில்லை. தம்பி துடைக்கக் கையை நீட்டினார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பதினோரு வருஷம் காத்துக்கிட்டு இருந்தேனேடா. மூணு வாரம் இருக்க மாட்டேனா?"

அரைகிராம் எழுந்தார். முக்காலியைச் சுவரோரம் தள்ளிவைத்தார். வராந்தாவுக்கு வந்து எழுத்தர் எதிரில் நின்றார்.

"மண்ணுன்னு எழுதாதீங்க சார். வேன்காரர் பேரை அடிச்சிடுங்க. வண்டிய டெஸ்ட் பண்ணவே இல்ல. நான் பணம் கொடுத்து சர்டிபிகேட் வாங்கினேன்."

எழுத்தர் பேனாவை மூடினார். "சார், நீங்க ஒரு கவர்ன்மென்ட் ஆபீசர். இப்படி எழுதினா உங்க வேலை போயிடும். வாங்கினவன் தப்பிச்சாலும் தப்பிச்சிடுவான், நீங்கதான் மாட்டிப்பீங்க. அவங்க ஏமாத்திட்டாங்கன்னு வேணா மாத்திச் சொல்லுங்க."

"யாரும் என்னை ஏமாத்தல. டெஸ்ட் வேணுமா, சர்டிபிகேட் வேணுமான்னு தெளிவாத்தான் கேட்டாங்க. நான்தான் சர்டிபிகேட் போதும்னேன்."

எழுத்தர் மறுபடி பேனாவைத் திறந்து, "சொல்லுங்க" என்றார்.

அரைகிராம் நிதானமாகச் சொன்னார். எழுத்தர் எழுதினார். கடைசிப் பத்தி இப்படி இருந்தது:

"இருபத்தாறு வருடம் நான் லஞ்சம் வாங்கியதில்லை. அதனால் நான் நேர்மையானவன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். கொடுப்பவனும் அதே குற்றத்தில் பாதியைச் செய்கிறான். லஞ்சம் கொடுத்துப் பாதுகாப்பை யாரும் வாங்க முடியாது. ஆபத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் இருக்கும் வசதியைத்தான் வாங்க முடியும். நான் அதைத்தான் வாங்கினேன். அதற்கு உண்மையான விலையைக் கொடுத்தவர் என் அக்கா. என்னை நம்பி உட்கார்ந்ததைத் தவிர அவர் எந்தத் தவறும் செய்யவில்லை."

எழுத்தர் ஒருமுறை வாசித்துக் காட்டினார். அரைகிராம் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டார்.

"இன்னும் ஏதாவது சேர்க்கணுமா சார்?"

"இல்ல. மணி ஒண்ணாச்சு. நான் உள்ளே போகணும், அக்காவுக்குச் சாப்பாடு ஊட்டணும்" என்றார் அரைகிராம். ஒரு கணம் நின்று, "என் கையால சாப்பிடுவாங்களான்னு தெரியல" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தார்.